பெயர் சம்பாதிப்பதும் காப்பாற்றுவதும்

(பரமக்குடியில் நெசவாளர்களும் விவசாயிகளும் வாலிபர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இக்கூட்டத்தில் நாம் பேச வேண்டுமென்று கேட்டுக் கொள்ளப்பட்ட விஷயம் நமது மேடைக்குச் சற்றுப் புதுமையானதாக உங்களில் சிலருக்குத் தோன்றலாம். கோவிலைப் பற்றியோ, ஜோசியத்தைப் பற்றியோ, ஜாதியைப் பற்றியோ பேசுவார்கள் என்று வந்தவர்களுக்கு, கைப்பேசியில் ஒருவன் தன் பெயரை எப்படி நிலைநிறுத்திக் கொள்வது என்கின்ற பேச்சு இங்கு என்னத்திற்கு என்று இருக்கலாம். கொஞ்சம் பொறுத்திருந்து கேட்டீர்களானால் அம்மூன்றும் இதற்குள்ளேயே வந்து சேருவதைப் பார்ப்பீர்கள்.

இந்த ஊரிலும் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள எமனேஸ்வரத்திலும் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. ஒரு சேலை தறியை விட்டு இறங்குவதற்குள் நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர், பாவு ஓட்டுகிறவர், தார் சுற்றுகிற பெண்கள், நெய்கிறவர் என்று எத்தனையோ பேருடைய கையும் கண்ணும் அதில் கழிகின்றன. ஆனால் அந்தச் சேலை சென்னையிலோ சிங்கப்பூரிலோ ஒரு அம்மையார் இடுப்பில் ஏறுகிறபோது, அதை நெய்தவன் பெயர் அவருக்குத் தெரியுமா? தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கடைக்காரர் பெயர்தான். நெய்தவனுக்குக் கூலி, விற்றவனுக்குப் பெயர் என்பதுதான் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்த ஏற்பாடு. கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. 1935-ல் கோ-ஆப்டெக்ஸ் ஏற்பட்டது. அவற்றால் தரகன் பிடி ஓரளவு தளர்ந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. என்றாலும் பெயர் சங்கத்தின் பெயராக இருந்ததே தவிர நெசவாளியின் பெயராக ஆகவில்லை. இன்று கைப்பேசி ஒன்று வந்து, "உன் முகத்தையும் உன் தறியையும் உன் பெயரையும் நீயே காட்டிக் கொள்ளலாம்" என்று சொல்லுகிறது. ஆதலால் இதை வெறும் பொழுதுபோக்கென்று நாம் கருதவில்லை. ஒரு தொழிலாளி தன் பெயரைத் தானே எடுத்துக் கொள்ளுகிற காரியம் சுயமரியாதைக் காரியமா, அல்லவா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சரி, பெயர் என்றால் என்ன? நம் பாட்டன்மார் கடைக்குப் போனால் "மார்க்கு பார்த்து வாங்கு" என்று சொல்லி அனுப்புவார்கள். அந்த மார்க்கில் என்ன இருக்கிறது? போன மாதம் வாங்கினது எப்படி இருந்ததோ அப்படியே இந்த மாதமும் இருக்கும் என்கின்ற உறுதி இருக்கிறது, அவ்வளவுதான். இப்போது சரக்குக்குப் பதிலாக மனிதனே மார்க்கு ஆகியிருக்கிறான். இன்னார் காட்டினால் அது கைத்தறிதான், இன்னார் சொன்னால் அதில் பொய் இருக்காது என்று முன்பின் பாராத நாலு பேர் நம்புவார்களானால், அவன் பெயர் சம்பாதித்துவிட்டான் என்று அர்த்தம். இதற்கு முதல் வேண்டுவது மாறாமல் இருப்பது. நம்மவர்களிடம் இல்லாததும் அதுதான். ஒரு வாரம் சேலையைக் காட்டுகிறார். அடுத்த வாரம் சினிமாப் பாட்டுக்கு ஆடுகிறார். அப்புறம் மூன்று மாதம் ஆளையே காணோம். பிறகு திடீரென்று வந்து கடன் வாங்கித் தருகிற கம்பெனிக்கு விளம்பரம் பேசுகிறார். இன்ஸ்டாகிராமில் ஒரு பெயர், யூடியூபில் ஒரு பெயர், வாட்ஸ்அப்பில் தன் முகத்துக்குப் பதில் ஒரு நடிகர் முகம். இவரை யார், எதற்காக ஞாபகம் வைத்துக் கொள்வது?

ஏன் இப்படி என்று கேட்டால் என்ன பதில் வருகிறது தெரியுமா? "எல்லாம் அல்காரிதம் பார்த்துச் செய்ய வேண்டும், நமக்கு அதன் தயவு இல்லை" என்கிறார்கள். தோழர்களே! இந்த அல்காரிதம் என்கின்ற வார்த்தையை நமது வாலிபர்கள் உச்சரிக்கிற மாதிரியைப் பார்த்தால், பழைய தலைவிதிக்கு ஒரு புதுச் சட்டை போட்டு விட்டார்களோ என்று நமக்குத் தோன்றுகிறது. ராகுகாலத்தில் வீடியோ போடக் கூடாது. புது மைக்குக்கு எலுமிச்சம்பழம் சுற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை போட்டால் ஓடும். பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டினால் எண் கணிதப்படி ஜனங்கள் குவிவார்கள். கம்ப்யூட்டர் கணக்குக்குள்ளே போய்க் குந்திக் கொள்ளுகிற அளவுக்கு ராகுவுக்குப் படிப்பு எங்கிருந்து வந்தது?

அல்காரிதம் என்பது மனிதர்கள் எழுதி வைத்த ஒரு கணக்கு வழி, வேறொன்றுமில்லை. ஒருவருக்கு ஒரு படத்தைக் காட்டினால் அதைத் தொடுகிறாரா, எவ்வளவு நேரம் பார்க்கிறார், பாதியில் ஓடிவிடுகிறாரா, பிறகு அதே ஆளின் வேறு படத்தைத் தேடுகிறாரா, "எனக்கு வேண்டாம்" என்று தள்ளுகிறாரா என்பன போன்ற சங்கதிகளைப் பார்த்து, அவரைப் போன்ற மற்றவர்களுக்கும் அதைக் காட்டலாமா என்று கணக்குப் போடுகிறது. கம்பெனிக்காரர்கள் தங்கள் லாபத்தை உத்தேசித்து அதை அடிக்கடி மாற்றவும் செய்கிறார்கள். அது சாமியுமல்ல, சனியனுமல்ல. பார்க்கிற ஜனங்கள் எப்படி நடந்து கொள்ளுகிறார்களோ அதன் பின்னாலே அது ஓடுகிறது.

வெறும் பேச்சு வேண்டாம், கணக்கையே பார்ப்போம். யூடியூபில் விளம்பர வருமானம் வர வேண்டுமானால் இப்போதுள்ள விதிப்படி 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருப்பதும் வேண்டும். இல்லாவிட்டால் குட்டி வீடியோக்கள் 90 நாளில் 1 கோடி தடவை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். இந்த இரண்டாவது வழி லாட்டரிச் சீட்டு மாதிரி, அதை விட்டுவிடுவோம். 4,000 மணி என்றால் 2,40,000 நிமிஷம். ஒருவர் சராசரி 4 நிமிஷம் பார்க்கிறார் என்று வைத்துக் கொண்டால் 60,000 தடவை பார்க்கப்பட வேண்டும். வாரத்துக்கு ஒன்றாக வருஷத்துக்கு 52 போடுகிறவனுக்கு, ஒவ்வொன்றையும் சுமார் 1,150 தடவை பார்த்தால் போதும். மூன்று மாதம் போட்டுவிட்டு ஓய்ந்து போகிறவனுக்கு, அந்த 13-ல் ஒவ்வொன்றும் 4,600 தடவைக்கு மேல் ஓட வேண்டும். இதில் எந்த நட்சத்திரத்துக்கு என்ன வேலை? விடாமல் செய்கிறவன் சுமை குறைகிறது. விட்டு விட்டுச் செய்கிறவன் சுமை ஏறுகிறது. இந்த வகுத்தல் கணக்குக்குப் பஞ்சாங்கம் வேண்டியதில்லை.

ஆனால் "விடாமல்" என்றதும் தினம் ஒன்று போடுகிறேன் என்று கிளம்பாதீர்கள். தறியில் உட்கார்ந்த தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: ஊடையை ஒரு நாள் பலமாக இறுக்கியும் மறுநாள் கை சோர்ந்து தளர்த்தியும் அடித்தால், சேலையை விரித்துப் பிடித்தவுடன் பட்டை பட்டையாகத் தெரிந்துவிடுகிறதல்லவா? அதைப் போலத்தான் இதுவும். உங்கள் தறி வேலை, வீட்டு வேலை, உடம்பு இவைகளுக்குப் பங்கம் வராமல் எத்தனை முடியுமோ அத்தனைதான். வாரம் ஒன்று முடிந்தால் வாரம் ஒன்று. மாதம் இரண்டு முடிந்தால் மாதம் இரண்டு. பாவு கட்டுகிற நாட்களில் நாலைந்து படம் எடுத்து வைத்துக் கொண்டு, தீபாவளி நெருக்கடியில் ஒவ்வொன்றாக விடுகிறதில் தப்பில்லை.

நிற்க. நம் பக்கத்து ஜில்லாக்காரர்களைப் பாருங்கள். புதுக்கோட்டை ஜில்லாவில் சின்னவீரமங்கலம் என்று ஒரு கிராமம். அங்கே சமையல் வேலை செய்து வந்த பெரியதம்பி என்கின்ற முதியவரும் அவருடைய பேரப்பிள்ளைகளும் சேர்ந்து 2018-ல் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்று ஆரம்பித்தார்கள். என்ன காட்டினார்கள்? வயல்வெளியில் அடுப்பு மூட்டி, மசாலை அரைத்து, போடுகிற சாமானின் பெயரை உரக்கச் சொல்லிப் போட்டு, பெரிய அண்டாவில் சமைத்து, அதைப் பிறருக்குப் போட்டார்கள். அதே வெட்டவெளி, அதே வெள்ளைச் சட்டை, அதே ஆட்கள், அதே கூப்பாடு. இங்கிலீஷ் பேசி வேஷம் போடவில்லை. பட்டணத்து அடுக்களையை வாடகைக்குப் பிடிக்கவில்லை. 2021 ஜனவரியில் ராகுல் காந்தி இவர்களோடு சேர்ந்து காளான் பிரியாணி சாப்பிட்டார். அவருக்காக இவர்கள் தங்கள் மாதிரியை மாற்றவில்லை; அவர்தான் வெங்காயத்தையும் தயிரையும் பெயர் சொல்லிப் போட்டுக் கலந்தார். அதே 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைப் பெற்ற முதல் தமிழ்ச் சேனல் என்கின்ற பெயர் அவர்களுக்கு வந்தது. கொரோனா நிவாரணத்துக்கு முதலமைச்சரிடம் 10 லட்ச ரூபாய் கொடுத்தார்கள். 1954-ல் நமது பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசனின் 'விக்ரம்' படத்திலும் 2022-ல் அவர்கள் அவர்களாகவே வந்து சமைத்துவிட்டுப் போனார்கள். சமையல் தெரிந்தவர்கள் நாட்டில் கோடிக் கணக்கில் இருக்கிறார்கள். இவர்கள் நேற்று எப்படி இருந்தார்களோ இன்றும் அப்படியே இருந்ததுதான் ஜனங்களைக் கட்டிப் போட்டது என்பது நமது அபிப்பிராயம்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு ஆட்சேபணைக்கு நாமே பதில் சொல்லியாக வேண்டும். விடாமல் வருவதுதான் பெருமை என்றால், ராசிபலன் சொல்லுகிறவனைவிட விடாமுயற்சிக்காரன் யார்? பொழுது விடிவதற்குள் வந்துவிடுகிறான். ஒரு நாள் தவறுவதில்லை. மேஷம் முதல் மீனம் வரைக்கும் ஒருவரையும் விட்டுவைப்பதில்லை. ஆனால் நேற்று அவன் சொன்னது இன்று பலித்ததா என்று ஒரு நாளாவது அவன் கணக்குக் காட்டினதுண்டா? ஆகவே, வருகிற நேரம் மாறாமலிருப்பது வேறு, நாணயம் மாறாமலிருப்பது வேறு. முன்னது கடிகாரத்துக்குக்கூட முடியும். தான் சொன்னதற்கும் தன் சரக்குக்கும் உள்ள சம்பந்தம் அறுந்து போகாமல் பார்த்துக் கொள்வதுதான் கஷ்டம்.

இங்கேதான் நமது ஊர் ஆசாமிகளுக்கு ஆபத்து காத்திருக்கிறது. ஒருவர் குழித்தறியில் தன் தகப்பனார் நெய்வதைப் படம் பிடித்துக் காட்டுகிறார் என்று வைத்துக் கொள்வோம். ஜனங்கள் மயங்கி ஆர்டர் கொடுக்கிறார்கள். மாதத்துக்குப் பத்துச் சேலை நெய்கிற இடத்தில் நூறு கேட்கிறார்கள். உடனே என்ன செய்யத் தோன்றும்? பவர்லூமில் ஓடினதை வாங்கி, அதே பெட்டியில் போட்டு, கைத்தறி என்று அனுப்பத் தோன்றும். முதல் மாதம் யாருக்கும் தெரியாது. இரண்டாவது மாதம் சேலை தெரிந்த ஒரு பாட்டியம்மாள் விரித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். அப்புறம் அவர் சொன்னது, நீங்கள் காட்டின படத்துக்குக் கீழேயே எல்லாரும் படிக்கும்படி நிற்கும். கைத்தறிக்கென்று சில துணிவகைகளை ஒதுக்கி வைக்கிற சட்டம் 1985-ல் வந்தது. முதலில் 22 வகையாயிருந்து பிறகு 11 ஆகக் குறைந்தது. கைத்தறி முத்திரை 2006-ல் வந்தது. 2015 ஆகஸ்ட் 7-ல் இந்தியா கைத்தறி பிராண்டு என்றும் ஒன்று வந்தது. இத்தனை சட்டமும் முத்திரையும் ஏன் வந்தன? பவர்லூம் போட்டியிலிருந்து கைத்தறியைக் காக்கச் சட்டம் வந்தது; வாங்குகிறது அசல் கைத்தறிதான் என்று உறுதி சொல்ல முத்திரை வந்தது. நூறு கேட்கிற இடத்தில் "பத்துத்தான் முடியும், மற்றவர்கள் இரண்டு மாதம் பொறுக்க வேண்டும்" என்று சொல்லுகிறவனிடம் ஜனங்கள் காத்திருப்பார்களா என்று கேட்பீர்கள். பாதிப்பேர் போய்விடுவார்கள். மீதிப்பேர் பத்து வருஷம் இருப்பார்கள்.

மிளகாய்க்காரத் தோழர்களும் இங்கே வந்திருக்கிறபடியால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. அது தனி ஒருவர் சொத்தல்ல. ஜில்லா முழுவதற்குமான பெயர். ஒருவர் வேற்றூர் மிளகாயைக் கலந்து இந்தப் பெயரில் அனுப்பினால், கெடுவது அவர் பெயர் மட்டுமல்ல, வானம் பார்த்த பூமியில் பயிர் செய்கிற அத்தனை பேருடைய பெயரும் கெடும்.

காசு வாங்கிக் கொண்டு பிறர் சரக்கைப் புகழ்கிறவர்களும் கவனிக்க வேண்டும். காசோ ஓசிச் சாமானோ வாங்கினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டுமென்று மத்திய சர்க்கார் 2023 ஜனவரியில் வழிமுறை வெளியிட்டிருக்கிறது. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய் விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் வரையிலும், மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் போட இடமிருக்கிறது. சட்டம் பிடிக்கிறதோ இல்லையோ, இருமல் மருந்திலிருந்து இரட்டிப்பு வட்டிச் சீட்டு வரை கேட்டவருக்கெல்லாம் நாக்கை வாடகைக்கு விடுகிறவர், கடைசியில் தன் சேலையைப் பற்றி உண்மை சொன்னாலும் அதுவும் வாடகைப் பேச்சாகத்தான் கேட்கும்.

மாறாமலிருப்பது என்றால் சொன்னதையே பிடித்துக் கொண்டிருப்பது என்று அர்த்தமல்ல. நேற்று ஒரு சாயம் போகாது என்று சொன்னீர்கள். இன்று போகிறதென்று தெரிகிறது. அப்படியானால் அதையே ஒரு படமாக எடுத்து, இன்ன காரணத்தால் இனி அதை உபயோகிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு மாறுங்கள். காரணம் சொல்லி மாறுகிறவனை யாரும் நிலையில்லாதவன் என்று சொல்ல மாட்டார்கள். பழைய படத்தை ரகசியமாக அழித்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல் இருப்பதைத்தான் ஜனங்கள் மன்னிப்பதில்லை.

அன்றியும், பிறர் வீட்டில் குடியிருக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம். டிக்டாக் இந்நாட்டில் எவ்வளவு பிரபலமாக இருந்தது! 2019 ஏப்ரலில் நமது மதுரையிலுள்ள ஹைகோர்ட் கிளையே அதற்குத் தடை போட்டுச் சில வாரத்தில் நீக்கிற்று. 2020 ஜூன் 29-ந் தேதி மத்திய சர்க்கார் 59 செயலிகளைத் தடுத்தபோது அதுவும் ஒரே ராத்திரியில் போய்விட்டது. அதில் லட்சக்கணக்கான ரசிகர்களை வைத்திருந்தவர்கள் மறுநாள் காலையில் ஒன்றுமில்லாமல் எழுந்தார்கள். ஆனால் அவர்களிலும் எங்கும் ஒரே பெயர், ஒரே முகம், ஒரே தொழில் என்று வைத்திருந்தவர்களை ஜனங்கள் வேறிடத்தில் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டார்கள். ஆதலால் உங்களிடம் வாங்கினவர்களுடைய பெயரையும் நம்பரையும், அவர்கள் சம்மதத்துடன், ஒரு கோடு போட்ட நோட்டில் உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள். அந்த நோட்டை எந்தச் சர்க்காராலும் எந்தக் கம்பெனியாலும் ராத்திரியோடு ராத்திரியாக மூட முடியாது.

இனி, நம்மவர்கள் வைத்துக் கொள்ளுகிற பெயரின் லட்சணத்தைப் பார்ப்போம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாட்டில் ஜாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானம் செய்து, மேடையிலேயே பலர் தங்கள் பெயரின் வாலை அறுத்து எறிந்தார்கள். தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆனபிறகு, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் கணக்குத் திறக்கிறபோது அந்த வாலைத் தேடி எடுத்து ஒட்டிக் கொள்ளுகிறார்கள்! செப்டம்பர் 11 வந்தால் இமானுவேல் சேகரன் நினைவிடத்துக்கு இவ்வூரில் ஜனங்கள் கூடுகிறார்கள். அக்டோபர் 30-ல் பசும்பொன்னில் கூடுகிறார்கள். அந்தச் சமயம் பார்த்து, இன்னொரு ஜாதியைச் சீண்டுகிற பாட்டைப் போட்டு, அரிவாளைக் காட்டி ஒரு குட்டிப் படம் விட்டால் மற்ற நாளில் நூறு பேர் பார்ப்பதை அன்று லட்சம் பேர் பார்க்கிறார்கள். இதையும் பெயர் சம்பாதிப்பது என்கிறார்கள். 1957-ல் இச்சீமையில் என்ன நடந்தது, 2011-ல் இவ்வூரில் துப்பாக்கிச் சூட்டில் எத்தனை வீடு அழுதது என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் படத்தை விட்ட பையன் நாளைக்கு வேலை கேட்டுப் போகிற இடத்திலும், சேலை விற்கப் போகிற இடத்திலும் அது அவனுக்கு முன்னாலேயே போய் நிற்கும். விற்கிற சேலைக்கு ஜாதி இல்லை. உடுத்துகிறவள் ஜாதி கேட்டு வாங்குவதில்லை. விற்கிறவனுக்கு மட்டும் வால் என்னத்திற்கு?

தாய்மார்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இப்பேச்சு பாதிதான். தார் சுற்றுவது பெண். சாயத்தின் பக்குவம் தெரிந்தவள் பெண். சேலை கட்டுகிறவளும் பெண். ஆனால் கைப்பேசியில் பேச வருகிறவர் புருஷர்! ஒரு பெண் முகத்தைக் காட்டிப் பேசினால், வீட்டில் மாமியார் ஒரு பக்கம், வெளியில் பெயர் தெரியாத கோழைகள் கீழே எழுதுகிற ஆபாசம் ஒரு பக்கம் என்று இரண்டு வாரத்தில் அவளை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு "பெண்களுக்கு விடாமுயற்சி இல்லை" என்று இவர்களே தீர்ப்பும் சொல்லுகிறார்கள். அந்த ஆபாசத்தைப் படித்து நீக்குகிற வேலையையாவது வீட்டு ஆண்பிள்ளைகள் எடுத்துக் கொள்ளட்டும். கணக்கும் வருகிற பணமும் அவள் பெயரிலேயே இருக்கட்டும்.

இப்போது இரண்டு சீட்டு வந்திருக்கிறது. ஒரு தோழர், "எத்தனை நாளில் பணம் வரும்?" என்று கேட்கிறார். நாள் குறித்துச் சொல்ல நாம் ஜோசியரல்ல. ஒரு வருஷத்துக்கு ஒரு காசும் வராமலே போகலாம் என்று எண்ணிக் கொண்டு தொடங்கினால் ஏமாற்றமில்லை. ஆறு மாதத்தில் வீடு கட்டலாம் என்று வகுப்பு நடத்திப் பணம் வாங்குகிறவர்களிடம் மட்டும் போக வேண்டாம். அவர்களுக்கு வருமானம் அந்த வகுப்பில்தான்.

இன்னொரு சீட்டில், தறியை விற்றுவிட்டு முழு நேரமும் இதில் இறங்கலாமா என்று கேட்டிருக்கிறது. விற்கக் கூடாது என்பதே நம் பதில். தறியைக் காட்டித்தானே நாலு பேரைச் சேர்த்தீர்கள்? ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் படத்துக்கு ஒதுக்குங்கள். வாரா வாரம் போட்டது எத்தனை, பார்த்தது எத்தனை பேர், விற்றது எத்தனை, திரும்பி வந்தது எத்தனை, ஏன் திரும்பி வந்தது என்று அந்த நோட்டிலேயே பின்பக்கம் எழுதி வாருங்கள். சீட்டு எழுதின தோழர் அடுத்த வருஷம் இதே கூட்டத்துக்கு அந்த நோட்டைக் கொண்டுவந்தால், அதை வைத்துக் கொண்டு மேற்கொண்டு பேசலாம். மானாமதுரைப் பக்கம் போக வேண்டிய தோழர்கள் கடைசி பஸ்ஸைப் பற்றி ஜாடை காட்டுகிறபடியால் இத்துடன் நிறுத்திக் கொள்கிறோம்.